அரைக்காது ஹல்பெரா கேட்டது

இப்போது வருகிற சின்னப் பாதிரிமார் எந்தக் கொலையைப் பார்த்தாலும் ‘மொர்த்’ என்கிறார்கள். கப்பலில் வருகிற நார்வேக்காரர்களும் அப்படித்தான். குடித்துவிட்டு ஒருவன் இன்னொருவன் மண்டையை உடைத்தாலும் மொர்த், பகையில் வெட்டிக்கொண்டாலும் மொர்த். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தச் சொல் பிறந்தது அதற்காக இல்லை.

எங்கள் பெரியவர்கள் காலத்தில் கொலைக்கு இரண்டு பெயர் இருந்தது. கொன்றவன் பிணத்தைக் காக்கையும் நரியும் தொடாதபடி மூடிவிட்டு, பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, இன்னாரை நான் கொன்றேன், என் பெயர் இது என்று சொல்லிவிட வேண்டும். முதல் வீடு செத்தவனுடைய உறவு என்றால் உயிருக்குப் பயந்து தாண்டிப் போகலாம். அடுத்ததும் உறவு என்றால் மூன்றாவதில் சொல்லலாம். அதற்குமேல் தாண்டக் கூடாது. இப்படிச் சொன்ன கொலை ‘வீக்’. சொன்னவனும் பாவிதான், ஆனால் மனிதன். அவனோடு உட்கார்ந்து பேசலாம், போன உயிருக்கு ஈடு வாங்கலாம், கோயில் வாசலில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். சொல்லாமல் மறைத்தான் பாருங்கள், அவன் செய்ததுதான் மொர்த். அந்தச் சொல்லில் பாதி கொலை, பாதி ஒளிப்பு. ஒளிப்புக்குத்தான் அதில் எடை அதிகம். அப்படிச் செய்தவனை நாய்கூட மோந்து பார்க்காது.

இவ்வளவும் சொன்னது ஹல்பெராவைப் பற்றிச் சொல்வதற்காக. அவளைப் பற்றிச் சொல்ல இன்று என்னைத் தவிர ஆள் இல்லை.

ஹல்பெரா வெல்லிர் பண்ணையில் பால்வேலைக்காரி. வெல்லிர், ஒட்லெய்ஃப் என்பவருடைய பண்ணை. நான் வாழ்க்கைப்பட்ட மெல் அதற்கு அடுத்த வீடு. சின்ன வயதில் தொலைந்த ஆட்டுக்குட்டியைத் தேடிப் போய்ப் பனியில் மாட்டிக்கொண்டதில் அவளுக்கு இடது காதின் மேல்பாதி உறைந்து விழுந்துவிட்டது. அதனால் அரைக்காது ஹல்பெரா. கல்யாணம் ஆகவில்லை. கதவு உயரம் இருப்பாள். அவள் உறையூற்றிய ஸ்கிர் தயிரில் கரண்டியை நட்டால் விழாது. பசுக்களிடம் மட்டும்தான் மரியாதையாகப் பேசுவாள். மனிதர்களை எல்லாம் ‘ஏ’ தான், எசமானைத் தவிர. காதைப் பற்றிக் கேலி செய்தால், “மீதிக் காதுக்கே உங்க பேச்சு அதிகம்டா” என்பாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை, தனக்கென்று ஒரு பசு. அதுவும் எந்தப் பசு என்பதுவரை முடிவு செய்து வைத்திருந்தாள். ஹூப்பா என்ற சிவப்புப் பசு, ஒட்லெய்ஃப் தொழுவத்தில் நின்றது.

அந்த வருஷம் மலையிலிருந்து ஆடுகளை இறக்கிவருகிற நாள். ஆண்கள், பெண்கள், நடக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லோரும் மலைக்குப் போய்விட்டார்கள். வெல்லிரில் ஹல்பெரா மட்டும் பாலைக் கிண்டிக்கொண்டு இருந்தாள்.

அன்று காலையில் கடற்கரையில் பெரிய மரம் ஒன்று ஒதுங்கியிருக்கிறது. எங்கள் ஊரில் மரம் வளராது என்பதால் கடல் கொண்டுவந்து போடுவதுதான் எங்களுக்குக் கூரை உத்தரம். கில் வீட்டு அஸ்கௌத் மாட்டுத் தொழுவத்துக்கு உத்தரம் இல்லாமல் இரண்டு குளிர்காலமாகத் தவித்தவன். மரம் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் கிடந்தது, அதாவது அவன் பக்கம். அவன் வாய்ச்சியை எடுத்துக்கொண்டு கிளை சீவப் போனான். ஹோல்ட் வீட்டுப் பெரியவர் வெர்முந்தின் மூத்த மகன் ஸ்கோஃப்டி, குதிரையும் கயிறுமாக வந்து, நேற்று இது எங்கள் பக்கம்தான் கிடந்தது, அலை தள்ளிவிட்டது என்றான். வாய்ச்சண்டை. ஸ்கோஃப்டி கயிற்றை விளாசி அஸ்கௌத் முகத்தில் அடித்தான். கையில் இருந்ததை அஸ்கௌத் வீசினான். கையில் இருந்தது வாய்ச்சி.

பிறகு அவன் செய்ததெல்லாம் முறைப்படி. மண்ணோடு புல்கரணை வெட்டிப் பிணத்தை மூடினான். மேலே கல் வைத்தான். முதல் வீடு ஹோல்ட், செத்தவனுடைய அப்பா வீடு. அதைத் தாண்டி வெல்லிர் வாசலுக்கு வந்து நின்றான். அங்கே நடந்ததை ஹல்பெரா எனக்குச் சொன்னது போல வேறு எதையும் யாரும் எனக்கு அத்தனை தடவை சொன்னதில்லை.

“அக்கா, வீட்ல யாரும் இல்லையா?”

“அப்ப நான் யாரு? மாடா?”

“இல்லக்கா. ஆம்பளைங்க...”

“எல்லாம் ஆடு பின்னாடி போயிருக்கு. என்ன மூஞ்சில ரத்தம்?”

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். “ஸ்கோஃப்டிய கொன்னுட்டேன். நான்தான், கில் வீட்டு அஸ்கௌத். கடற்கரையில, எல்லைக்கல்லுக்கிட்ட. மூடி வச்சிருக்கேன். ஹோல்ட்டத் தாண்டி வந்து இங்க சொல்றேன்.”

ஹல்பெரா கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு முதலில் வாயில் வந்தது, “மொதல்ல கையக் கழுவு” என்பதுதான். தண்ணீர் ஊற்றினாள். தயிர்த் தெளிவு ஒரு கிண்ணம் கொடுத்தாள். அவன் குடித்து முடித்த பிறகு, “கேட்டேன் தம்பி. நீ சொன்னத நான் கேட்டேன்” என்றாள்.

“மெல் வரைக்கும் போய் அங்கயும் ஒரு வார்த்த சொல்லிடட்டுமா?”

“எதுக்கு? என் வாய் என்ன தைச்சா வச்சிருக்கு? வீட்டுக்குப் போ. ஸ்டெயின்வோர்ட்ட சொல்ல வேண்டியது இருக்குல்ல, அதுதான் உனக்குக் கஷ்டம்.”

அவன் மனைவி ஸ்டெயின்வோர். அவன் வீட்டுக்குப் போய்விட்டான். ஒரு வீட்டில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்த நல்லவன் ஹல்பெராவை ஒரு வீடு என்று எண்ணிவிட்டான். ஹல்பெராவும் அப்படித்தான் எண்ணினாள். அவனைத் திருப்பி அனுப்பியவள் அவள்தான், அதைச் சாகும்வரை யாரையும் மறக்க விடவில்லை.

ஆடுகளோடு ஒட்லெய்ஃப் இறங்கி வந்தபோது வாசலிலேயே சொல்லிவிட்டாள். அவர் குதிரையிலிருந்து இறங்காமல் கேட்டார். “வேற யாருக்குத் தெரியும்?”

“இப்ப உங்களுக்கு.”

“சரி. நீ உள்ள போ.”

ஒட்லெய்ஃபுக்கும் செத்தவனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் கில் வீட்டுப் புல்நிலம் வெல்லிரின் வேலியோடு வேலியாகக் கிடக்கிறது, நல்ல புல். கொன்றவன் சொல்லிவிட்டான் என்றால் ஈட்டோடு போய்விடும், நிலம் அவனுடையதுதான். மறைத்தான் என்றால் ஊர்விலக்கு, சொத்து சிதறும். ஒட்லெய்ஃப் மறுநாளே ஹோல்ட்டுக்குப் போய் வெர்முந்தோடு நெடுநேரம் பேசினார். மகனைப் பறிகொடுத்த கிழவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு வலி. மற்றவருக்கு என்ன வலி?

திரும்பி வந்து தொழுவத்தில் ஹல்பெரா பக்கத்தில் நின்று ஹூப்பாவின் முதுகைத் தடவினாராம்.

“இது உன்கிட்டதான் நல்லா கறக்குது, ஹல்பெரா. உனக்கே வச்சுக்கயேன்.”

“எதுக்கு எசமானே?”

“எதுக்குன்னா... உழைச்சிருக்க. அன்னிக்கு யாரோ வந்தான், என்னமோ உளறினான். அத நீ சரியா கேக்கல. அவ்ளோதான்.”

அவள் பசுவைப் பார்த்தாள். எனக்கு இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் நிறுத்துவாள். “நல்ல பசு எசமானே. ஆனா அவன் சொன்னான்” என்றிருக்கிறாள்.

வழக்கு தீர்க்கிற வசந்த காலத்துச் சபைக்கு ஆண்கள் குதிரையில் போனார்கள். ஹல்பெரா அவர்கள் பின்னால் சேற்றில் நடந்தே போனாள், யாரும் கூப்பிடாமல். நானும் போயிருந்தேன், என் கணவர் கெல்லிர் பக்கத்து வீட்டுக்காரர் என்ற முறையில் அந்த வழக்கில் உட்கார வேண்டியவர். அஸ்கௌத் எழுந்து, மூடினேன், வெல்லிர் வாசலில் சொன்னேன் என்றான். மூடியதை வெர்முந்தின் ஆட்கள் மறைத்தது என்றார்கள். புல்கரணை போட்டு மேலே கல்லும் வைத்தானே, ஒளிக்காமல் வேறென்ன என்றார்கள். இதே ஆட்கள் பிணத்தைத் திறந்து போட்டிருந்தால் காக்கைக்குத் தீனி போட்டான் என்றிருப்பார்கள்.

சட்டம் சொல்கிறவர் ஒட்லெய்ஃபைக் கேட்டார். ஒட்லெய்ஃப் சிலுவையில் கை வைத்து, “என் வீட்டில் எந்த ஆணிடமும் யாரும் எந்தக் கொலையையும் சொல்லவில்லை” என்றார்.

பொய் ஒரு துளி இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பொய்ச் சத்தியம் செய்திருந்தால் நரகத்துக்காவது போயிருப்பார். ஒரு நிஜத்தைச் சிலுவையில் வைத்து ஒரு மனிதனைக் கொன்றார்.

சரிவின் ஓரத்தில் நின்ற ஹல்பெரா கத்தினாள். “எங்கிட்ட சொன்னான்! அவன் எங்கிட்ட சொன்னான்!”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒருவன், “எந்தக் காதுலடி சொன்னான்? இருக்கற காதுலயா, இல்லாத காதுலயா?” என்றான். சிரிப்பு. இன்னொருவன், “அரைக்காதுல சொன்னா அரைக் கொலைதான்” என்றான். அதற்கும் சிரிப்பு. சட்டம் சொல்கிறவர் கெட்டவர் இல்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு, பெண்ணின் சாட்சி தீர்ப்பு வட்டத்துக்குள் வராது அம்மா, அதிலும் கூலிக்காரி, அவன் இன்னொரு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்றார். ‘அம்மா’ என்றுதான் சொன்னார். மரியாதையில் குறையில்லை.

அஸ்கௌத் அவளைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். பரவாயில்லை அக்கா என்பது போலத் தலையை ஆட்டினான்.

என் கணவருக்கு விஷயம் தெரியும். ஹல்பெரா எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் முறை வந்தபோது, “கேள்விப்பட்டதுதான், நேராக் கேக்கல” என்று உட்கார்ந்துவிட்டார். குதிரையில் திரும்பும்போது நான் கேட்டேன்.

“உங்களுக்கு நாக்கு எங்க போச்சு?”

“ரன்வெய்க், நான் கேட்டது ஒரு பொம்பள வாய்ல. அத எப்படிச் சபையில வைக்க?”

“எம் பேச்சையும் பொம்பள வாய்லதான் தெனமும் கேக்குறீங்க. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா மட்டும் நல்லாக் கேக்குது.”

அந்தக் கோடை முழுக்க அவருக்கு வெண்ணெய் தடவாத கருவாடுதான். என்னால் முடிந்த தண்டனை அது.

தீர்ப்பு மொர்த். அஸ்கௌதுக்கு யாரும் சோறு போடக் கூடாது, இடம் கொடுக்கக் கூடாது, படகில் ஏற்றக் கூடாது. யார் வேண்டுமானாலும் கொல்லலாம். ஸ்டெயின்வோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெற்கே அக்காள் வீட்டுக்குப் போனாள். பிறகு அவளைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. கில் வீட்டுப் புல்லை அந்த வருஷமே ஒட்லெய்ஃப் அறுத்தார். கடற்கரையில் கிடந்த மரத்தை வெர்முந்த் தொடவில்லை, கடைசியில் அது எங்கே போனது என்று நான் சொல்லத் தேவையில்லை. வெல்லிர் வரவேற்பறையில் அண்ணாந்து பாருங்கள்.

அஸ்கௌத் மலையில் இருந்தான். பழைய ஆட்டுப் பட்டியின் சுவரில் ஒரு கல்லைத் தள்ளினால் பொந்து இருக்கும். அதில் ஹல்பெரா ஸ்கிர் வைத்துவிட்டு வருவாள். நான் எதுவும் வைக்கவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் கருவாடு தானாக நடந்து போயிருக்கும்.

முதல் ஆலங்கட்டி மழை அடிக்கிற காலத்தில், ஆண்கள் எல்லோரும் மீன் குடிசைகளுக்குப் போயிருந்த ஒரு பகலில், வெர்முந்தின் இளைய மகன் குளூம் அவனை மலையில் கண்டுபிடித்துவிட்டான். ஈட்டி. அஸ்கௌத் பட்டிச் சுவரோரமாகத் தூங்கிக்கொண்டிருந்தான் என்பார்கள்.

ஊர்விலக்கானவனைக் கொன்றாலும் வந்து சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் அதுவும் மறைப்பு. மலையிலிருந்து இறங்கினால் முதல் வீடு வெல்லிர். குளூம் நனைந்து சொட்டச் சொட்ட வந்து கதவைத் தட்டினான். ஹல்பெரா திறந்தாள்.

“ஏய் அரைக்காது, கேட்டுக்க. அஸ்கௌத நான்...”

“நில்லு.” அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். “எங்கிட்ட சொல்லாத.”

“என்னது?”

“எனக்குக் காது கெடையாது. சபையில சொன்னாங்கல்ல, நீயும்தான சிரிச்ச? வீட்ல ஆம்பள இல்ல. மெல்லுக்குப் போ.”

“ஆலங்கட்டி அடிக்குதுடி! நான் சொல்லிட்டேன், அவ்ளோதான்.”

“சொல்லிட்டேன்னு போய்ச் சபையில சொல்லு. யார்கிட்டன்னு கேப்பாங்க. அரைக்காதுகிட்டன்னு சொல்லு. நான் கேக்கலன்னு சிலுவைல கை வைக்கிறேன், என்னை வைக்க விட்டா.”

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அப்புறம் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். சொல்ல வேண்டிய மீதி வார்த்தை என்னவென்று அவளுக்குத் தெரியும் அல்லவா.

அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கெல்லிரும் கடலில். நான் கதவைத் திறந்து அவன் ஈட்டியைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன்.

“அம்மா, ஒரு சேதி சொல்லணும்.”

“சொல்லணும்னா ஆம்பளகிட்ட சொல்லுப்பா. நான் பொம்பள. வட்டத்துக்குள்ள வர மாட்டேன்.”

“உள்ளயாவது உக்காந்துக்கறேன்மா.”

“கொன்னவன் சொல்லாம உள்ள வரக் கூடாதுன்னு வழக்கம். சொல்லவும் ஆள் இல்ல. பாவம், என்ன செய்வ?”

அடுத்த வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், அந்த மழையில் ஆறு கரை நிறைய ஓடியது. தாண்ட முடியாது. விறகு பிளக்கிற கட்டையில் உட்கார்ந்தான், ஆலங்கட்டியில், சாயங்காலம் கெல்லிர் வருகிறவரை. வந்தவர் வாசலில் நின்றபடியே சொன்னதைக் கேட்டுக்கொண்டார். “கேட்டேன்” என்றார். முறைப்படி, தெளிவாக, ஒரு ஆணிடம் சொல்லப்பட்ட கொலை. சுத்தமான வீக். தூங்குகிறவனைக் குத்தியது வீக். முகத்தில் கயிற்றடி வாங்கியவன் திருப்பி வீசியது மொர்த். என்ன சொற்கள் வைத்திருக்கிறோம் பாருங்கள்.

குளூமுக்கு அந்தக் குளிரில் இரண்டு கால்விரல் கறுத்து விழுந்தது. அஸ்கௌதுக்கு நாங்கள் வாங்கிய ஈடு அவ்வளவுதான். ஹல்பெராவிடம் போய்ச் சொன்னேன், அவள் சிரிப்பாள் என்று. “ரெண்டு விரலாடி ரன்வெய்க்? என் காதுல பாதிகூட ஆகாது” என்றாள்.

அந்த வாரமே ஒட்லெய்ஃப் அவளை வெளியே அனுப்பினார். தன் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஹூப்பா கத்துகிற சத்தம் எங்கள் முற்றம்வரை கேட்கும். அவள் அந்தப் பக்கம் திரும்ப மாட்டாள்.

அஸ்கௌதைக் கோயில் நிலத்தில் புதைக்க விடவில்லை. கணவாயில், வழியோரமாக, கல் குவித்து மூடினோம். அவளும் நானும் கெல்லிரும். கெல்லிர் கேட்காமலே வந்தார், அன்றிலிருந்து அவருக்கு வெண்ணெய் கொடுத்தேன். ஆனால் வழியில் போகிறவர்கள் அந்தக் குவியல்மேல் ஒரு கல்லை எறிந்துவிட்டு ‘மொர்த்’ என்று சொல்லிப் போகிற பழக்கம் எப்படியோ வந்துவிட்டது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஆடு இறக்குகிற நாளுக்கு முன்னால் ஹல்பெரா கணவாய்க்குப் போய், எறிந்த கற்களைப் பொறுக்கித் தூர வீசிவிட்டு, நாங்கள் வைத்த கற்களை மட்டும் விட்டுவிட்டு வருவாள். அவளுக்கு எது எந்தக் கல் என்று தெரியும். முழங்கால் வீங்கிப் போன பிறகும் போனாள்.

“விடுக்கா, கல்லுதான” என்றேன் ஒருமுறை.

“அவன் ஸ்கோஃப்டிய மூடிட்டு வந்து சொன்னான். இவனுங்க மூடிக்கிட்டே இருக்கானுங்க, ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கறானுங்க. யாருடி மறைக்கிறா?”

சாகும்போது புதுப் பாதிரி வந்தார். பாவங்களைச் சொல்லம்மா என்றார். “அவன் எங்கிட்ட சொன்னான். மெல்லுக்குப் போறேன்னான், நான் வேண்டான்னுட்டேன்” என்றாள். பாதிரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஜுரம் என்று நினைத்து எண்ணெய் பூசினார். அவளைக் கோயில் நிலத்தில் புதைத்தோம். கணவாயில் போடச் சொன்னாள், பாதிரி விடவில்லை.

இப்போது அந்தக் குவியல் குதிரையின் வயிற்றளவு வளர்ந்துவிட்டது. என் முழங்காலும் ஹல்பெராவின் முழங்கால் மாதிரி ஆகிவிட்டது, என்னால் ஏற முடியாது. போன இலையுதிர் காலத்தில் பேரன் என்னைக் குதிரையில் வைத்துக் கணவாய் வழியாகக் கூட்டிப் போனான். ஒட்லெய்ஃபின் பேரன்கள் இரண்டு பேர் எதிரே வந்தார்கள். நல்ல பையன்கள், எனக்காகக் குதிரையை ஒதுக்கி நின்றார்கள். கில் நிலத்தில் புல் அறுத்துவிட்டு வருகிறார்கள். பேசிக்கொண்டே ஒருவன் குனிந்து கல் எடுத்து எறிந்தான்.

“ஏன்டா எறியுற?”

“மொர்த் குவியல் பாட்டி. எல்லாரும் போடுவாங்கல்ல.”

“அது மொர்த் இல்லடா. அவன் சொன்னான்.”

“யார்கிட்ட சொன்னான்?”

“ஹல்பெராகிட்ட.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அது யாரு பாட்டி?” என்றான் சின்னவன், அவன் கையில் கல் அப்படியே இருந்தது. நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவன் குதிரை நகர்ந்துவிட்டது. போகிற போக்கில் அதையும் போட்டுவிட்டுப் போனான்.